மங்காவை ஆங்கிலம் சுற்றிக் கூட்டி வராதீர்கள்

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், இனி வெளியிட நினைப்பவர்களுக்கும், அவர்களுக்காகக் கண் விழித்து எழுதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களுக்கு அந்நியன் இல்லை. முத்து காமிக்ஸ் 1972இல் கிளம்பியபோது நான் பிறக்கவில்லை. லயன் 1984இல் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தேன். ஆனாலும் பத்து வயதுக்குள் இரண்டையும் பிடித்துவிட்டேன். வாடகை நூலகத்தில் அட்டை போன இரும்புக்கை மாயாவியை எடுத்து வந்து, வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து, அப்பாவிடம் முதுகில் வாங்கியவன். கௌபாய் டெக்ஸ் வில்லருக்கு இன்றும் சந்தா கட்டுகிறேன். பிழைப்புக்கு ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறேன். ஆகவே இந்த மடலில் பாதி ரசிகன் பேச்சு, மீதி டிடிபி ஆளின் பேச்சு.

இருபது வருஷமாக என் அலமாரியை அடைத்துக்கொண்டிருப்பது மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். அத்தனையும் ஆங்கிலம். (மாங்கா என்று நெடிலில் சொன்னால் என் அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஜப்பானியர் வாயில் அது குறில்தான். எனக்கும் அப்படியே இருக்கட்டும்.)

போன புத்தகக் காட்சியில் ஒரு காமிக்ஸ் அரங்கில் நின்று, "மங்கா எப்ப சார் தமிழ்ல வரும்?" என்று கேட்டேன். பில் போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "பின்னாலேருந்து புரட்டிப் படிக்க நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. கறுப்பு வெள்ளைன்னா இப்ப யாரும் கை நீட்டுறதில்ல. அப்படியே போட்டாலும் என்ன, இங்கிலீஷ்ல எல்லாம் இருக்குல்ல, நம்ம ஆள்கிட்ட குடுத்தா ஒரு மாசத்துல தமிழாக்கிடுவாரு."

(மங்கா வலமிருந்து இடமாக ஓடும், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.) முதல் இரண்டைக் கேட்டபோது சிரித்தேன். மூன்றாவதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. இந்த மடல் அந்த மூன்றாவதுக்காக. ஆனால் வரிசையாகவே வருகிறேன்.

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசும் ஷின்சானைப் பார்த்து வளர்ந்த வாய். அவளுக்காகக் கியொஹிகோ அசுமாவின் 'யொட்சுபா' முதல் தொகுதியை எடுத்தேன். பச்சைத் தலைமுடிக்காரச் சிறுமி ஒருத்தி, அவளுடைய அப்பா, பக்கத்து வீட்டில் மூன்று அக்காமார், அவ்வளவுதான் கதை. ஆங்கில வசனங்களின் மேல் தமிழை அச்சடித்து, பேச்சு பலூன் அளவுக்கு வெட்டி, பசை தடவி எட்டுப் பக்கம் ஒட்டினேன். "வலது பக்கத்திலேருந்து ஆரம்பிக்கணும் கண்ணு" என்று ஒரே தடவைதான் சொன்னேன். முதல் பக்கத்தில் தடுமாறினாள். மூன்றாம் பக்கத்தில் நான் கூட உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தபோது, பழக்க தோஷம், இடது கட்டத்தை முதலில் படித்துவிட்டேன். "சித்தப்பா, அது அப்புறம்" என்று என் விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தாள். வாசகருக்குப் பழகாது என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வரலாம்.

அமெரிக்கப் பதிப்பாளர்களும் இதே பயத்தில் பல வருஷம் பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சடித்தார்கள். திருப்பினால் என்ன ஆகும்? சாமுராய் இடது இடுப்பில் செருகும் வாள் வலது இடுப்புக்குப் போய், ஊரே இடக்கை வீரர்களாகிவிடும். கிமோனோவில் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். மாறி வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. கல்யாண வீட்டுக் காட்சியில் எல்லாரும் பாடையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். ஹிரோஆகி சாமுராவின் 'முகென் நோ ஜூனின்' கதையில் நாயகன் மஞ்சி முதுகில் பௌத்த ஸ்வஸ்திகம் தாங்கியவன். கண்ணாடியில் திருப்பினால் அது நாஜிச் சின்னமாகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் அதை வெளியிட்டவர்கள் ஒவ்வொரு கட்டமாக வெட்டி இடம் மாற்றி ஒட்டினார்கள். எவ்வளவு வேலை! 2002இல் டோக்கியோபாப் நிறுவனம், திருப்ப மாட்டோம், உள்ளபடியே தருகிறோம் என்று அறிவித்தது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். வாசகர் யாரும் ஓடிப்போகவில்லை. அவர்கள் பதினைந்து வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் முதலிலிருந்து படவேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளை பற்றி நீங்களா பேசுவது? டெக்ஸைக் கறுப்பு வெள்ளையில் எங்கள் தலையில் கட்டியதே நீங்கள்தானே. 2010இல் 'இரத்தப் படலம்' தொடரின் பதினெட்டுப் பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாக, வண்ணமில்லாமல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். 'அகிரா' மங்காவை 1988இல் அமெரிக்காவில் வண்ணம் பூசித்தான் விற்றார்கள். பிறகு மூலத்தைப் போலவே கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார்கள். ஒரு தொழில் வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். மங்காவில் சாம்பல் நிறமாகத் தெரிவது எல்லாம் பொடிப் புள்ளிகள். அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து சுருக்கினால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, பட்டுப்புடவை மாதிரி அலை அலையாக மின்னும். எங்கள் அச்சகத்தில் மொய்ரே என்போம். ஒப்பந்தம் போடும்போதே மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.

இனி மூன்றாவது. இங்கிலீஷ்லதான் இருக்குல்ல.

கெய்ஜி நகசாவாவில் தொடங்குகிறேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் அன்றைக்கே இழந்தார். 1973இல் தன் கதையைப் போன்ற ஒன்றை மங்காவாக வரையத் தொடங்கினார். அதை உலகம் படிக்க வேண்டும் என்று 1976இல் டோக்கியோவில் தன்னார்வலர்கள் சேர்ந்து குழு அமைத்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்துக்குப் போன மங்காக்களில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. வெறுங்காலோடு ஓடும் அந்தப் பையனின் பெயர் கென். மூலம், வேர் என்று பொருள். 'கெ'யை 'வங்கம்' என்ற சொல்லில் வரும் 'க' போலச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதினால் என்ன வரும்? ஜென். குண்டு விழுந்த ஊரில் சோற்றுக்கு அலைகிற பையனைத் தியானத்தில் உட்கார்த்தி வைத்துவிடுவோம்.

பெயர் சின்ன விஷயம் என்று தோன்றலாம். கோஷோ அயொயாமா 1994இல் தொடங்கிய 'கோனன்' துப்பறியும் தொடரில் நாயகன் ஷின்இச்சி, அவன் தோழி ரான். ஆங்கிலத்தில் ஜிம்மி, ரேச்சல். அந்தப் புத்தகத்தை வைத்துத் தமிழாக்கினால், டோக்கியோத் தெருவில் ஜிம்மியும் ரேச்சலும் தமிழ் பேசிக்கொண்டு போவார்கள். 'ஒன் பீஸ்' வாள்வீரன் ஸோரோ ஆங்கில மங்காவில் ஸோலோ. அவர்களுக்கு அவர்கள் காரணம் இருக்கும். அந்த மூட்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் பெயரை ஒரு நாளில் திருத்திவிடலாம். திருத்த முடியாதது உறவு.

ஆங்கிலத்தில் மங்கா படிக்கிற எவரும் இதை அனுபவித்திருப்பார்கள். ஒரு பெண் தன் அக்காவை ஜப்பானிய மொழியில் 'ஒனேசான்' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. ஆங்கிலத்தில் அக்காவை அப்படிக் கூப்பிட வழக்கமில்லை. எனவே மொழிபெயர்ப்பாளர் பேரைப் போடுவார், அல்லது 'சிஸ்' என்று ஒட்டாத ஒன்றைப் போடுவார். அதுவும் வேண்டாமென்றால் 'ஒனேசான்' என்றே விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதுவார். சான், குன், சாமா, சென்பாய் என்று பேரோடு சேரும் மரியாதை ஒட்டுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் அச்சடித்த பதிப்புகள் என்னிடம் உண்டு. அவ்வளவு பாடுபட்டு அவர்கள் விளக்குவது என்ன? பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணன் வேறு, தம்பி வேறு. கல்லூரியில் ஒரு வருஷம் முந்திச் சேர்ந்தவர் சீனியர். இதை என் அண்ணன் மகளுக்கு யாராவது பின்னிணைப்பில் விளக்க வேண்டுமா?

நான் ஒட்டிய எட்டுப் பக்கங்களில் ஒனேசான் வந்த இடமெல்லாம் 'அக்கா' என்று போட்டேன். அவ்வளவுதான். பசை கூடக் காயவில்லை, வேலை முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பழைய பாணி ஜப்பானிய மனைவி கணவனை 'அனாதா' என்பாள். அகராதியில் பார்த்தால் 'நீங்கள்'. ஆங்கிலத்தில் 'டியர்' ஆக்குவார்கள், 'ஹனி' ஆக்குவார்கள். முப்பது வருஷம் ஒரே கூரையில் குடித்தனம் செய்த, ஒரு தடவைகூட 'அன்பே' என்று சொல்லியிராத அம்மா, ஆங்கிலப் பதிப்பில் ஹனி என்கிறாள்! நம் வீட்டில் அதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது. என்னங்க. சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரல், அதே தூரம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர் கையில் 'ஹனி'தான் இருக்கும். அவர் 'கண்ணே' என்று போடுவார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

காதல் கதைகளில் இன்னும் மோசம். இருநூறு பக்கம் ஒருவரையொருவர் குடும்பப் பெயரோடு 'சான்' ஒட்டிக் கூப்பிட்டவர்கள், ஒரு நாள் மழையில் நிற்கும்போது ஒட்டை விட்டுவிட்டு வெறும் பேரைச் சொல்வார்கள். கதையின் உச்சமே அதுதான். எத்தனையோ ஆங்கிலப் பதிப்பில் முதல் பக்கத்திலிருந்தே வெறும் பேர்தான் ஓடுகிறது. எனவே உச்சம் வந்ததே தெரியாது. படத்தில் மட்டும் பெண்ணின் கன்னம் சிவந்திருக்கும். ஏன் என்று நாம் யோசித்துக்கொண்டிருப்போம். தமிழில் 'வாங்க' என்றவள் 'வா' என்றால் போதும், பேருந்தில் பின் சீட்டில் இருப்பவனுக்குக்கூடப் புரியும்.

இனி வாக்கியம். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அதன் வாலில் தொங்கும். மங்காக்காரர்கள் இதை வைத்து விளையாடுவார்கள். ஒரு பலூனில் 'நான் அவனைக் கொலை' என்று நிறுத்தி, பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பலூனில் 'பண்ணல' என்று வைப்பார்கள். புரட்டுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் பக்கத்தையே அப்படி வரைந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'நான் பண்ணல' முதலில் வந்தாக வேண்டும், 'கொலை' பின்னால். அவர்கள் எப்படியோ சுற்றி வளைத்துச் சமாளிக்கிறார்கள். ஆங்கிலம் பார்த்துத் தமிழாக்குகிறவர் அந்தச் சமாளிப்பைத் தமிழாக்குவார். மூலத்தில் இருந்த விளையாட்டு தமிழுக்குத் தானாக வந்திருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

எல்லாமே சுலபம் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஓரிடத்தில் தமிழ் காலை வாரும். ஜப்பானிய வினையில் ஆண், பெண் தெரியாது. நம் வினையில் வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'கோனன்' கதைகளில் கொலையாளியை முழுக்கக் கறுப்பு உருவமாக, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வரைவார்கள். ஆணா பெண்ணா என்றே தெரியக் கூடாது. 'வந்தான்' என்று போட்டால் பாதிக் கதை அங்கேயே அம்போ. ஆனால் பேச்சுத் தமிழில் வழி இருக்கிறது. 'இதைப் பண்ணது யாரு', 'அவங்க உள்ள வந்தப்ப', இரண்டிலும் யாருக்கும் எதுவும் தெரியாது. 'அவங்க' என்ற சொல் துப்பறியும் கதைக்கென்றே பிறந்தது. கவனமாக எழுதுகிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒலிச் சொற்களைப் பற்றிப் பேசாமல் மங்கா பேச்சு முடியாது. மங்காவில் பக்கத்தின் பாதி, ஓவியமாகவே வரைந்த ஒலிச்சொல். அதில் ஒலி எழுப்பாதவற்றுக்கும் சொல் உண்டு. இதயத்துக்கு தோகிதோகி, மின்னுவதற்கு பிகாபிகா, நடுங்குவதற்கு புருபுரு, காதோடு பேசுவதற்கு ஹிசோஹிசோ. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. எனவே ஒருவன் வெறித்துப் பார்க்கும் படத்தில் 'பார்' என்ற வினைச்சொல்லையே கொட்டை எழுத்தில் ஒட்டுகிறார்கள். நமக்கு இது அத்தனையும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற சாமான். படபட, பளபள, வெடவெட, கிசுகிசு. பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கினோமே, அது இதற்குத்தான். யாருமே பேசாத கட்டத்தில் ஜப்பானியர் 'ஷீன்' என்று எழுதுவார்கள். மௌனத்தின் சத்தம் அது. நம்மிடம் கப்சிப் இருக்கிறது. அசடு வழிந்து நிற்கிறவனுக்கு 'ஙே' இருக்கிறது. வேறு எந்த மொழிக்காரரிடம் 'ஙே' இருக்கிறது?

ஆனால் ஒலியை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது என் சொந்த அசட்டுத்தனம். கோடைக்காலப் பக்கங்களில் மரத்தில் சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கும். ஜப்பானியர் காதுக்கு அது 'மீன் மீன்'. மூலத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று நானும் மரத்தின் மேல் மீன் மீன் என்று ஒட்டினேன். அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சித்தப்பா, மீன்காரம்மா எங்க நிக்கிறாங்க?" என்றாள். கிழித்துவிட்டு 'கிர்ர்ர்ர்' என்று ஒட்டினேன்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற பஞ்சாயத்துக்கு என் தொழில் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. ஜப்பானியர் மேலிருந்து கீழாக எழுதுவதால் அவர்கள் பலூன் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்பதை அதில் வையுங்கள், பார்ப்போம். இரண்டாவது சொல் மட்டும் பதினோரு எழுத்து. மூன்றாக வெட்ட வேண்டும். மென்பொருளை வெட்ட விட்டால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து பல்லிளிக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதே இடத்தில் 'என்ன பண்றே?' இரண்டே வரி. மூச்சு விட இடமும் மிச்சம். அந்த எட்டுப் பக்கத்தில் முதல் தடவை எழுத்துத் தமிழில் ஒட்டிப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் உரித்து எடுத்துப் பேச்சுத் தமிழில் மறுபடி ஒட்டினேன். காரணம் கொள்கை இல்லை, பலூன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் காமிக்ஸ் மொழிக்கு ஒரு தனிச் சுவை உண்டு. 'நாசமாய்ப் போனவனே, என் தோட்டாவுக்கு உன் முகவரி தெரியும்!' என்று பேசினால்தான் கௌபாய். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஐந்து வயதுச் சிறுமியும் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியும் அரிசோனா வெயிலில் நின்று பேச முடியாது. வட்டாரத் தமிழைத் தூக்கி ஒட்டுவதிலும் நிதானம் வேண்டும். ஜப்பானின் ஒசாகா நகரத்துப் பேச்சை அமெரிக்கத் தெற்கத்திப் பேச்சாக்குவது ஆங்கிலத்தில் வழக்கமாகிவிட்டது. நாமும் ஒசாகாக்காரனை 'ஏலே' போட வைத்தால் சிரிப்பு வரும், ஒசாகா போய்விடும். எந்த ஊர் என்று சொல்ல முடியாத, ஆனால் தலைநகரத்துப் பேச்சு இல்லை என்று மட்டும் தெரிகிற ஒரு தமிழ் போதும். முடியுமா என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் சென்னைக்கு வந்த மூன்றாம் வருஷம் அப்படித்தான் பேசுகிறார்கள்.

சரி, ஜப்பானியத்திலிருந்து நேராக எழுத ஆளுக்கு எங்கே போவது? ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போங்கள். ஜப்பான் நிறுவனங்கள் வந்த நாளிலிருந்து அங்கே துபாஷி வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கும் சென்னையில் மையம் உண்டு. இயந்திரக் கையேட்டை நாள் முழுக்க மொழிபெயர்த்துக் களைத்துப் போனவர்களில் பத்துப் பேராவது மங்கா ரசிகர்களாக இருப்பார்கள். மங்கா படிக்கத்தான் அந்த மொழியையே கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரையும், நல்ல தமிழ் உரையாடல் எழுதும் ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இரட்டைச் சம்பளம் ஆகும். ஆகட்டும். அதற்குண்டான விலையை வையுங்கள். ஆங்கில மங்கா ஒரு தொகுதிக்கு 400, 500 ரூபாய் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள்.

எதில் தொடங்குவது? தயவுசெய்து நூறு தொகுதி தாண்டிய தொடரில் கை வைக்காதீர்கள். என் அலமாரியில் நான்காம் தொகுதியோடு நின்றுபோன தொடர் ஒன்று உண்டு. ஐந்தாவது வரும் வரும் என்று கடைக்காரர் இரண்டு வருஷம் சொன்னார், பிறகு என்னைப் பார்த்ததும் அவரே உள்ளே போய்விட ஆரம்பித்தார். ஒற்றைத் தொகுதியில் முடிகிறதை எடுங்கள். ஜிரோ தனிகுச்சியின் 'நடக்கும் மனிதர்' இருக்கிறது. ஒருவர் நடக்கிறார், மரத்தைப் பார்க்கிறார், நாயோடு வீட்டுக்கு வருகிறார். பேச்சே மிகக் குறைவு. ஃபுமியோ கோனோவின் ஹிரோஷிமாக் கதைகள் இருக்கின்றன. கலங்க வைக்கும், ஆனால் கத்தாது. கொஞ்சம் துணிந்தால் ஒசாமு தெசுகாவின் 'புத்தர்' எட்டுத் தொகுதி. கபிலவஸ்துவில் நடக்கிற கதை டோக்கியோவுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், இந்தியக் கடைக்கு வந்திருக்கிறது. தமிழுக்கு வரும் கடைசி அடி மட்டும் பாக்கி. நகசாவாவின் 'கென்' பத்துத் தொகுதி. பெரிய வேலை. ஆனால் முடித்துவிட்டால் உங்கள் பேர் நிற்கும். மொழிபெயர்ப்பாளருக்கே காசு இல்லையென்றால் மசாஷி தனகாவின் 'கோன்' இருக்கிறது. குட்டி டைனசோர் ஒன்று காட்டையே கலக்குகிற கதை, ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அட்டையில் மட்டும் தமிழ் போட்டால் போதும்!

வாங்க ஆள் இருக்கிறதா என்று இன்னும் சந்தேகமாக இருந்தால், 2025 செப்டம்பரில் மங்காவிலிருந்து எடுத்த 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். நான் போன காட்சியில் என்னைத் தவிர எல்லாருக்கும் இருபது வயதுக்குள் இருக்கும். வெளியே வந்து கதையின் மீதியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தமிழில். மீதியை அவர்கள் எங்கே படித்தார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரோ திருடி, யாரோ ஆங்கிலமாக்கி, ஃபோனில் வருவது. நானும் அதைப் படித்துத்தான் மங்காவுக்குள் வந்தவன், யோக்கியன் வேஷம் போட மாட்டேன். ஜப்பானியப் பதிப்பகமான ஷுவெய்ஷா 2019இல் மங்கா பிளஸ் செயலியைத் தொடங்கி, ஆங்கிலம், ஸ்பானியத்தில் ஆரம்பித்து, தாய்லாந்து, இந்தோனேசிய, வியட்நாமிய மொழிகள் வரை போய்விட்டது. வியட்நாமில் 1992இலேயே டோரேமான் அவர்கள் மொழியில் புத்தகமாக வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு டோரேமான் தொலைக்காட்சியில் தமிழ் பேசுகிறது. புத்தகத்தில் மட்டும் ஏன் ஆங்கிலம் பேச வேண்டும்?

உரிமை வாங்குவது எவ்வளவு இழுபறி, முன்பணம் எவ்வளவு, காகிதம் விற்கிற விலை என்ன என்பதெல்லாம் அச்சகத்தில் இருக்கிற எனக்கும் கொஞ்சம் தெரியும். அதனால் நாளைக்கே கொண்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. வரும்போது நேராக வாருங்கள். பக்கம் வடிவமைக்க ஆள் வேண்டுமென்றால் முதல் புத்தகத்துக்கு நான் கூலி வாங்காமல் செய்கிறேன்.

எட்டுப் பக்கம் முடிந்த அன்று ராத்திரி அண்ணன் மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போய், ஒன்பதாம் பக்கத்தில் ஆங்கிலத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "மிச்சத்த எப்ப ஒட்டுவீங்க?" ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். இது நான்காவது ஞாயிறு.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரன்